பொத்தானில் தமிழ் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது: குற்றம் அளவிலா, எழுத்துருவிலா, சொல்லிலா?

கேள்வி: கணக்குவாத்தியார்

வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு உறுப்பினர் பதிவு, நூல் முன்பதிவு, கூட்ட அறிவிப்பு ஆகிய மூன்றுக்கும் பயன்படும் வகையில் ஒரு சிறிய வலைத்தளத்தை நானே அமைத்து வருகிறேன். நிரல் எழுதுவது என் தொழில் அன்று. பள்ளியில் கணக்கு கற்பிக்கிறேன். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸை விடுமுறை நாள்களில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இலவசமாகக் கிடைத்த ஓர் ஆங்கில வார்ப்புருவை எடுத்து, அதிலிருந்த சொற்களை மட்டும் தமிழாக்கினேன். பக்கத்தின் மற்ற பகுதிகள் ஒருவாறு ஒழுங்குக்கு வந்துவிட்டன. பொத்தான்கள் மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன.

வார்ப்புருவில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அகலம் 120 பிக்சல், உயரம் 32 பிக்சல் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். பொத்தானுக்குள் சொல்லைத் தாங்கும் ஸ்பேன் என்ற குறிச்சொல் ஒன்று இருக்கிறது. அதற்கு லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1, ஓவர்ஃப்ளோ ஹிடன் (எல்லை தாண்டுவதை மறை), இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்ற ஆறெழுத்துச் சொல் அதில் இருபுறமும் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினேன். முதற்சொல்கூட முழுதாகத் தெரியாமல் மூன்று புள்ளியில் முடிகிறது. இதையாவது அகலத்தைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். எனக்குப் புரியாதது, ‘பதிவு’ என்ற சிறிய சொல்லிலும் வகரத்துக்குக் கீழே இறங்கும் கோடு வெட்டுப்பட்டு ‘பதிவ’ என்று தெரிவதுதான். உயரத்தை 40 ஆக்கிப் பார்த்தேன். பொத்தான் பெரிதானதே தவிர வெட்டு அப்படியே இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். பக்கம் முழுவதும் ஹிந்த் மதுரை எழுத்துருவை வைத்திருக்கிறேன். பொத்தான்களில் மட்டும் வேறொரு எழுத்துரு, அதுவும் சற்றுச் சிறிதாக, வருகிறது. அடுத்தது நிறம்: பதிவுப் பொத்தான் பளிச்சென்ற சிவப்பில், வெள்ளை எழுத்தோடு இருக்க வேண்டும் என்று எங்கள் வட்டத்தின் தலைவர் பிடிவாதமாக இருக்கிறார். அழகுக்காகச் செய்வதாயின் எனக்கு மறுப்பில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள் என்பதால்தான் தயங்குகிறேன்.

மறுமொழி: உலாவிப்பட்டறை

உயரத்தை 40 ஆக்கியும் வெட்டு நீங்கவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதில் பாதி விடை இருக்கிறது. வெட்டுவது பொத்தான் அன்று, அதற்குள் இருக்கும் ஸ்பேன். எழுத்தின் அளவு 16 பிக்சலாக இருக்கையில் லைன்-ஹைட் 1 என்றால் வரியின் உயரமும் 16 பிக்சல்தான். ஆங்கில எழுத்துகளில் மேலும் கீழும் நீள்பவை அந்தப் பதினாறுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தமிழிலோ மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர ஊகாரக் கோடுகளும் சுழிகளும் இருப்பதால், பல எழுத்துருக்களில் அவை அந்த எல்லையைத் தாண்டிப் போகின்றன. தாண்டினாலும், ஓவர்ஃப்ளோ என்று எதையும் சொல்லாமல் விட்டிருந்தால் எழுத்து முழுதாகத் தெரிந்திருக்கும். ஹிடன் என்று சொன்னதால் உலாவி எல்லையிலேயே கத்தரித்துவிடுகிறது. உங்களுக்கு உகரம் போயிற்று. சில எழுத்துருக்களில் மேலே இருக்கும் புள்ளி போய், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆங்கிலத்தில் இப்படி ஓரம் நறுங்கினால் பார்வைக்கு அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். தமிழில் சொல்லே வேறாகிவிடுகிறது.

ஆகவே முதலில் ஸ்பேனில் இருக்கும் அந்த மூன்று வரிகளையும் நீக்குங்கள். பிறகு பொத்தானின் அகலம், உயரம் இரண்டையும் நீக்குங்கள். பொத்தானுக்கு அளவைக் கொடுத்துவிட்டு அதற்குள் சொல்லைத் திணிப்பதை விட்டு, சொல்லைச் சுற்றி இடத்தைக் கொடுத்து, பொத்தான் தன் அளவைத் தானே கண்டுகொள்ளும்படி விட வேண்டும். கணக்கு ஆசிரியருக்குக் கணக்காகவே சொல்கிறேன்: எழுத்து 16 பிக்சல், லைன்-ஹைட் 1.5 என்றால் வரியின் உயரம் 24. மேலும் கீழும் பேடிங் (சொல்லைச் சுற்றிய இடம்) 0.625 எம் (ஓர் எம் என்பது எழுத்தின் அளவு) என்றால் பத்தும் பத்தும் இருபது, மொத்தம் 44. சுற்றிலும் 2 பிக்சல் பார்டர் வைத்தால் 48 ஆகிறது. இந்த எண்களை நான் கையிலிருந்து எடுக்கவில்லை. தொடுதிரையில் விரலுக்கு வேண்டிய அளவாக ஆப்பிள் 44 பாயின்டையும், கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு 48 டிபியையும் (ஆண்ட்ராய்டின் அளவு அலகு) பரிந்துரைக்கின்றன. 2023 அக்டோபரில் வெளிவந்த, வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2, இடைநிலைத் தகுதிக்குக் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் போதும் என்கிறது. அதன் உயர்நிலைத் தகுதிக்கு 44க்கு 44 வேண்டும். அறுபதைக் கடந்த விரல்களுக்கு 24 போதாது என்பது என் கருத்து.

பேடிங்கைப் பிக்சலில் எழுதாமல் எம் அளவில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் சுற்றியுள்ள இடமும் அதே விகிதத்தில் பெரிதாகும். பொத்தானின் முகவெட்டு மாறாது. இடவலப் பேடிங் 1.25 எம் வைக்கலாம். ‘சரி’ போன்ற ஈரெழுத்துச் சொற்கள் மிகச் சிறிய பொத்தானாகச் சுருங்கிவிடாதிருக்க, மின்-விட்த் 6 எம் என்று ஒரு கீழெல்லை மட்டும் வைத்தால் போதும்.

எழுத்துரு மாறுவதற்குக் காரணம், பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி போன்ற படிவ உறுப்புகள் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக ஏற்றுக்கொள்வதில்லை என்பதே. உலாவியே அவற்றுக்குத் தனியாக ஓர் எழுத்துருவை வைத்திருக்கிறது. விண்டோஸில் குரோம் வைத்திருப்பது 13.33 பிக்சல் ஏரியல். ஏரியலில் தமிழ் இல்லை. எனவே உலாவி கணினியில் கிடைக்கும் தமிழ் எழுத்துருவைத் தேடிப் போகிறது. அது பெரும்பாலும் நிர்மலா யுஐ. நீங்கள் காணும் ‘வேறொரு எழுத்துரு, சற்றுச் சிறிதாக’ என்பது இதுதான். பொத்தானுக்கு ஃபான்ட்: இன்ஹெரிட் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், எழுத்துரு, அளவு இரண்டும் பக்கத்தோடு ஒன்றிவிடும். அந்த வரி லைன்-ஹைட்டையும் சேர்த்தே மாற்றிவிடும் என்பதால், 1.5 என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் வீணாகிவிடும்.

பொத்தானில் எழுத்தைத் தடிப்பாக வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஹிந்த் மதுரையில் உண்மையான தடிப்பு வடிவம் உண்டு. ஆனால் நீங்கள் 400 எடையை மட்டும் தரவிறக்கிக்கொண்டு 700 கேட்டால், உலாவி மெல்லிய எழுத்தையே பூசித் தடிப்பாக்கும். ஆங்கிலத்தில் அது அதிகம் தெரியாது. ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் உள்வளைவும் மைகொட்டியதுபோல் அடைத்துக்கொள்வதை நம் எழுத்தில் உடனே பார்க்கலாம். வார்ப்புருவில் டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம் அப்பர்கேஸ் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்; தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால் அது ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆங்கில வடிவமைப்பாளர் பெரிய எழுத்தால் பொத்தானுக்குக் கொடுத்திருந்த தனித்தன்மையும் தமிழுக்கு வரும்போது காணாமற்போயிருக்கும். அதை எடையாலோ நிறத்தாலோ நீங்களே ஈடுகட்ட வேண்டும்.

நிறத்தைப் பற்றி மாலையில் எழுதுகிறேன்.

மறுமொழி: மெய்ப்புநோக்கி

மேலே சொன்ன அளவுகள் சரியாகவே இருக்கும். அதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்ற பதினேழு எழுத்துகளுக்கு ஏற்பப் பொத்தானை நீட்டுவதற்கு முன்னால், அந்தப் பதினேழும் தேவையா என்று கேட்க வேண்டாமா? மென்பொருள்களைத் தமிழாக்குவது என் அன்றாட வேலை என்பதால் இது எனக்குப் பழகிய தலைவலி.

பொத்தானில் பேசுவது யார் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். ‘படிவத்தை முழுமையாக நிரப்பவும்’ என்பது தளம் பயனரிடம் பேசுவது. அங்கே மரியாதை வேண்டும், ‘-வும்’ பொருத்தம். பொத்தானை அழுத்தும்போதோ, பயனர்தான் கருவிக்குக் கட்டளை இடுகிறார். ‘சேமி’, ‘தேடு’, ‘அனுப்பு’ என்ற ஏவல் ஒருமை அங்கே யாரையும் குறைத்துப் பேசவில்லை. பயனர் கருவியை ஏவுகிறார். கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வடிவம் பழகியும் விட்டது. ‘சேமிக்கவும்’ ஆறெழுத்து, ‘சேமி’ இரண்டெழுத்து. பொத்தானில் இந்த நான்கெழுத்துச் சிக்கனம் பெரிது.

ஏவல் காதுக்கு உறுத்தினால் வியங்கோள் இருக்கிறது: ‘அனுப்புக’, ‘தேடுக’, ‘பதிக’. அகராதியில் ‘பார்க்க’ என்று போடுகிறார்களே, அதுவும் வியங்கோள்தான். ஆனால் ஒரு சிக்கல்: ‘சேமிக்க’, ‘நீக்க’ போன்றவற்றை இன்றைய வாசகர் ‘சேமிப்பதற்கு’, ‘நீக்குவதற்கு’ என்று எச்சமாகவே படிப்பார். ‘நீக்குக’ என்றால் ஐயமில்லை, ‘நீக்க’ என்றால் இரண்டுங்கெட்டான். எந்த வடிவத்தை எடுத்தாலும் தளம் முழுவதும் அதையே எடுங்கள். ஒரு பக்கத்தில் ‘சேமி’, அடுத்த பக்கத்தில் ‘சேமிக்கவும்’, மூன்றாவதில் ‘சேமிக்க’ என்றிருந்தால், இவை மூன்றும் வெவ்வேறு வேலைகளோ என்று வாசகர் நின்று யோசிப்பார்.

‘சமர்ப்பி’ என்ற சொல்லையே நான் தவிர்ப்பேன். நூலைச் சமர்ப்பிப்பார்கள், மலரைச் சமர்ப்பிப்பார்கள். வாசகர் வட்டத்தில் சேர எழுதிய படிவத்தை அனுப்புவார்கள். ‘விண்ணப்பத்தை அனுப்பு’ என்றால் பதினோரெழுத்து, சந்தியும் மிச்சம். வெறும் ‘அனுப்பு’ என்று விடாமல் எதை அனுப்புகிறோம் என்பதையும் சேர்ப்பது நல்லது.

நூல் முன்பதிவைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். அதை விலக்கிக்கொள்ளும் பக்கம் ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே தமிழில் ஒரு பொறி காத்திருக்கிறது. ‘முன்பதிவை ரத்து செய்யவா?’ என்று கேட்டு, கீழே ‘சரி’, ‘ரத்து செய்’ என்று இரண்டு பொத்தான் வைப்பார்கள். இரண்டாவதை அழுத்தினால் ரத்தாவது முன்பதிவா, ரத்து செய்யும் எண்ணமா? நான் மெய்ப்புப் பார்த்த ஒரு தளத்தில் இதே வடிவில் வந்தது. எழுதிக் கொடுத்தவருக்கே எது எதுவென்று சொல்லத் தெரியவில்லை. ‘முன்பதிவை நீக்கு’, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று வினையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்ப்பவருக்கும் விளங்கும். பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

மறுமொழி: கணக்குவாத்தியார்

இருவருக்கும் நன்றி. ஸ்பேனில் இருந்த மூன்று வரிகளை நீக்கியதும் ‘பதிவு’ பதிவாகவே வந்துவிட்டது. பக்கத்தோடு எழுத்துருவும் ஒன்றிவிட்டது. 44 என்ற கூட்டலை உலாவியின் ஆய்வுப் பலகத்தில் அளந்து பார்த்தேன், பிசகவில்லை.

இப்போது இரண்டு நடைமுறைக் கேள்விகள். 360 பிக்சல் அகலமுள்ள கைபேசியில் ‘விண்ணப்பத்தை அனுப்பு’, ‘படிவத்தை அழி’ என்ற இரண்டும் ஒரே வரியில் இடம் கொள்ளவில்லை. சொல்லை எங்கும் ஒடிக்கும் வேர்ட்-பிரேக் வரியைச் சேர்த்தால் ‘அனுப்’ ஒரு வரியிலும் ‘பு’ அடுத்த வரியிலும் விழுகிறது. அடுத்தது, எல்லாக் கட்டங்களையும் நிரப்பும்வரை அனுப்பும் பொத்தானைச் சாம்பல் நிறத்தில் செயலற்றதாக வைக்கலாம் என்று எண்ணுகிறேன். பள்ளியில் விடைத்தாளை முழுதும் எழுதாமல் கொடுக்க வரும் மாணவனைத் திருப்பி அனுப்புவது போல. சரியா?

மறுமொழி: செவிவழி

இறுதிக் கேள்விக்கு என் விடை: வேண்டாம், ஐயா. எனக்குப் பார்வை இல்லை; என்விடிஏ திரை வாசிப்பானைக் கொண்டு, விசைப்பலகையால் மட்டும் இணையத்தைப் பயன்படுத்துகிறேன். டிசேபிள்டு என்று குறிக்கப்பட்ட பொத்தானில் டேப் விசை நிற்பதில்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டே வருவேன். கடைசிக் கட்டத்துக்குப் பிறகு டேபைத் தட்டினால் பக்கத்தின் அடியிலிருக்கும் முகவரி இணைப்புக்குப் போய்விடும். அனுப்பும் பொத்தான் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன் என்பதும் தெரியாது. உங்கள் உவமையிலேயே சொன்னால், திருப்பி அனுப்பப்படும் மாணவனுக்கு எந்த வினாவை விட்டான் என்று ஆசிரியர் சொல்வார். சாம்பல் பொத்தான் எதுவுமே சொல்லாது. பார்வையுள்ளவர்களும் அதை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தளம் கெட்டுவிட்டது என்று போய்விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். பொத்தான் எப்போதும் இயங்கட்டும். அழுத்தியதும் விடுபட்ட கட்டத்துக்குக் கூட்டிச்சென்று ‘கைபேசி எண்ணை நிரப்பவும்’ என்று சொல்லுங்கள்.

வார்ப்புருவில் பொத்தான்கள் உண்மையிலேயே பட்டன் என்ற குறிச்சொல்லால் எழுதப்பட்டவைதானா என்றும் பார்த்துவிடுங்கள். வெறும் பெட்டியான டிவ் குறிச்சொல்லுக்கு நிறமும் நிழலும் பூசிப் பொத்தான்போல் வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். சுட்டியால் அழுத்துபவருக்கு இரண்டும் ஒன்று. எனக்கு அது வெறும் சொல். டேப் அங்கே போகாது, என்விடிஏ ‘பொத்தான்’ என்று சொல்லாது, ஸ்பேஸ் விசையைத் தட்டினால் பக்கம் கீழே நகரும். உண்மையான பட்டன் குறிச்சொல் என்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் இயங்கும்; அதற்காக நீங்கள் ஒரு வரி நிரலும் எழுத வேண்டியதில்லை. வேறு பக்கத்துக்குக் கூட்டிச்செல்வதாக இருந்தால் அது இணைப்பு. அதைப் பொத்தான்போல் அலங்கரிப்பதில் எனக்கு வழக்கில்லை, குறிச்சொல் மட்டும் இணைப்பாகவே இருக்கட்டும்.

நூற்பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் கீழே ‘முன்பதிவு’ என்ற பொத்தான் இருக்கும் அல்லவா? பொத்தான்களை மட்டும் வரிசையாகக் கேட்கும் வசதி எங்களுக்கு உண்டு. அதில் ‘முன்பதிவு பொத்தான், முன்பதிவு பொத்தான்’ என்று இருபது முறை ஒலித்தால் எதை அழுத்துவது? திரை வாசிப்பான் படிக்கும் பெயரான ஏரியா-லேபலில் நூலின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் திரையில் தெரியும் ‘முன்பதிவு’ என்ற சொல் அதில் முதலில் வரட்டும்; குரலால் கணினியை இயக்குபவர்கள் தாம் காணும் சொல்லைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆங்கில வார்ப்புரு என்பதால் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். அதை ‘டிஏ’ என்ற தமிழ்க் குறியீடாக மாற்றாவிட்டால், என் கணினியில் ஆங்கிலக் குரல் வந்து தமிழைக் கடித்துத் துப்புகிறது.

மறுமொழி: உலாவிப்பட்டறை

செவிவழி சொன்னது முழுவதையும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். அழுத்தியபின், விண்ணப்பம் சென்றுசேரும் அந்த இரண்டு மூன்று நொடியில் பொத்தானைச் செயலற்றதாக்கவே நானும் பலகாலம் சொல்லி வந்தேன். இல்லாவிட்டால் பொறுமையிழந்து இரண்டாம் முறை அழுத்துவார்கள், ஒரே ஆள் இரண்டு உறுப்பினராகிவிடுவார். ஆனால் அழுத்திய பொத்தானே டிசேபிள்டு ஆனால் விசைப்பலகைக்காரர் நின்ற இடத்தை இழக்கக்கூடும் என்பதால், இப்போது, செயலற்றது என்று திரை வாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-டிசேபிள்டு என்று மட்டும் குறித்துவிட்டு, இரண்டாவது அழுத்தத்தை நிரலில் புறக்கணிக்கிறேன். சொல்லையும் ‘அனுப்பப்படுகிறது’ என்று மாற்றுவது நல்லது. அப்படி மாற்றும்போது பொத்தான் சட்டென்று சுருங்கியோ நீண்டோ துள்ளாமல் இருக்க ஒரு சிறு தந்திரம்: பொத்தானை கிரிட் (கட்டங்களாக அடுக்கும் அமைப்பு) ஆக்கி, இரண்டு சொற்றொடர்களையும் ஒரே அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேண்டாததை விசிபிலிட்டி ஹிடன் (இடத்தை விட்டுவிட்டு மறை) ஆக்கிவிட்டால், இரண்டில் நீளமானது எதுவோ அதன் அகலமே எப்போதும் நிற்கும்.

கைபேசிச் சிக்கலுக்கு: வேர்ட்-பிரேக் வரியை நீக்குங்கள். தமிழ்ச் சொல் இடைவெளியில்தான் ஒடிய வேண்டும். பொத்தான் இரண்டு வரியாவதில் குற்றமில்லை, உயரம் நிலையாக இல்லாததால் அது தானே வளர்ந்துகொள்ளும். இரண்டு பொத்தான்களையும் சுற்றிய பெட்டிக்கு ஃபிளெக்ஸ்-ராப், கேப் 12 பிக்சல் என்று கொடுத்தால் இடமில்லாதபோது ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். ஆனால் ‘படிவத்தை அழி’ எதற்கு? பத்து நிமிடம் தட்டச்சு செய்த பெரியவர் விரல் தவறி அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். வெறும் படிவம் வேண்டும் என்று யாரும் ஏங்குவதில்லை. எடுத்துவிட்டால் இடச்சிக்கலே தீர்ந்தது.

‘கடவுச்சொல்லைக் காட்டு’ போன்ற துணைப் பொத்தான் படிவத்துக்குள் இருந்தால் அதற்கு டைப் பட்டன் என்று எழுத மறவாதீர்கள். எழுதாவிட்டால் படிவத்துக்குள் இருக்கும் எந்தப் பட்டனும் அனுப்பும் பொத்தானாகவே இயங்கும். ஒருமுறை நான் செய்த தளத்தில், கடவுச்சொல்லைப் பார்க்க விரும்பியவர்கள் எல்லாரும் அரைகுறைப் படிவத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கிற்று.

இனித் தலைவரின் சிவப்பு. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜியின் அளவுகோல். சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்ற பளிச்சிடும் சிவப்பில் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 4தான் தருகிறது, அதாவது தேர்ச்சியில்லை. அதே சிவப்பில் கறுப்பு எழுத்து 5.25 தரும், ஆனால் பார்க்க எச்சரிக்கைப் பலகை மாதிரி இருக்கும். சிவப்பை 255இலிருந்து 192க்குக் குறைத்தால் வெள்ளை எழுத்துக்கு 6.5 வரை கிடைக்கும். தலைவருக்கும் சிவப்பு சிவப்பாகவே தெரியும். ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்து கேட்டுவிடாதிருக்க வேண்டிக்கொள்ளுங்கள். 255, 165, 0 என்ற ஆரஞ்சுக்கு விகிதம் 2கூட வராது. சாம்பலில் எல்லை எவ்வளவு மெல்லியது என்பது கணக்கு ஆசிரியருக்குப் பிடிக்கும்: வெள்ளையோடு #777777 தருவது 4.48, #767676 தருவது 4.54. ஒரு படியில் தோல்வி, அடுத்த படியில் தேர்ச்சி.

எண் சரியாக வந்தாலும் நான் சிவப்பைப் பதிவுக்குக் கொடுக்கமாட்டேன். நீக்குவதற்கும் எச்சரிப்பதற்கும் சிவப்பு என்று பயனர்கள் பழகிவிட்டார்கள். ‘முன்பதிவை நீக்கு’ பக்கத்தில் அதே நிறம் தேவைப்படும்போது கையில் வேறொன்று இருக்காது. பதிவுக்கு 0, 128, 0 என்ற பச்சையைக் கொடுத்தால் வெள்ளை எழுத்தோடு 5.1 கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் நிறம் நிரப்பிய பொத்தான் ஒன்றே இருக்கட்டும். மற்றவை வெறும் விளிம்போடு நிற்கட்டும்.

வார்ப்புருவில் எங்காவது அவுட்லைன்: நன் (சுற்றுக்கோடு வேண்டாம்) என்று இருக்கும், தேடி நீக்குங்கள். டேபால் வருபவருக்குத் தாம் எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடு ஒன்றுதான். சுட்டியால் அழுத்தும்போது அது தெரிவது பிடிக்கவில்லை என்றுதான் எல்லாரும் நீக்குகிறார்கள். விசைப்பலகையால் வரும்போது மட்டும் அந்தக் கோட்டைக் காட்டும் ஃபோகஸ்-விசிபிள் வந்தபின் அந்தக் காரணமும் போய்விட்டது. 3 பிக்சல் தடிப்பும் 2 பிக்சல் விலகலும் கொடுங்கள். சுட்டி மேலே நிற்கும்போது வரும் ஹோவர் நிறமாற்றத்தைச் சுட்டி உள்ள கருவிகளுக்கு மட்டும் என்று மீடியா நிபந்தனைக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் தொடுதிரையில் விரலை எடுத்தபிறகும் அந்த நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிரப்பிய பொத்தானிலும் அந்த 2 பிக்சல் பார்டரை டிரான்ஸ்பரன்ட் நிறத்திலாவது விட்டு வையுங்கள். விண்டோஸில் உயர்மாறுபாட்டு நிறங்களை வைத்திருப்பவர்களுக்குப் பின்னணி நிறம் போய்விடும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத பார்டர்தான் அப்போது வெளிப்பட்டு, இது பொத்தான் என்று காட்டும்.

மறுமொழி: கணக்குவாத்தியார்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிய பக்கத்தைக் கைபேசியில் காட்டினேன். சாம்பல் பொத்தான் எண்ணத்தையும் ‘படிவத்தை அழி’யையும் கைவிட்டுவிட்டேன். நூற்பட்டியலில் இருந்தவை உண்மையில் டிவ்களாகவே இருந்தன. அத்தனையையும் பட்டனாக மாற்றினேன். மாற்றியதும் உலாவியின் இயல்பான சாம்பல் பின்னணியும் பார்டரும் வந்து ஒட்டிக்கொண்டதால், அவற்றை நீக்கி எழுத ஒரு மாலைப்பொழுது போயிற்று.

தலைவர் 192 சிவப்பையும் 128 பச்சையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொன்னேன். பழைய பளிச்சிவப்பில் எழுத்து கூசுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். பச்சை நின்றது; சிவப்பை ‘முன்பதிவை நீக்கு’ பொத்தானுக்கு ஒதுக்கி அவரைச் சமாதானப்படுத்தினேன்.

சொல்லில்தான் எதிர்பாராத இடத்தில் முட்டியது. ‘விண்ணப்பத்தை அனுப்பு’ என்பதைப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “என்னை ஏவுகிறதா, நான் ஏவுகிறேனா?” என்று கேட்டார். மெய்ப்புநோக்கியின் விளக்கத்தைச் சொன்னேன். இலக்கணம் சரி, ஆனால் இந்த வயதில் ஏவலை எதிரே பார்த்தால் முதலில் தமக்குத்தான் சொல்வதாகத் தோன்றுகிறது என்றார். ஆகவே தளம் முழுவதும் ‘அனுப்புக’, ‘தேடுக’, ‘நீக்குக’ என்று வியங்கோளுக்கு மாற்றினேன். பொத்தானுக்கு ஓரெழுத்து கூடிற்று. அகலத்தை நான் எங்கும் நிலையாக வைக்காததால் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை. ‘சேமி’ மட்டும் மெய்ப்புநோக்கி சொன்ன எச்சச் சிக்கலால் அப்படியே இருக்கிறது. அதற்கு ஈடாக ஒரு வியங்கோள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மறுமொழி: மெய்ப்புநோக்கி

‘பதிந்துவைக்க’ என்றால் மறுபடியும் எச்சம். ‘சேமித்திடுக’ என்றால் பாட்டு மாதிரி ஆகிவிடும். உங்கள் தளத்தில் உறுப்பினர் சேமிப்பது எதை? தம் முகவரி மாற்றத்தைத்தான் என்றால் ‘மாற்றத்தைப் பதிக’ என்று வைத்துப் பாருங்கள்.